நினைவு நாள் சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல லண்டன் போன கதை

மலாவியின் ஒரு கிராமத்தில், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நீண்ட காலமாக நடத்தி வருகிறேன். எங்கள் அடுப்பு எரிவது பெரும்பாலும் லண்டன் தமிழரால்தான். பிறந்தநாள், இறந்த முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவு என்று யார் பெயரிலாவது ஒரு நேரச் சாப்பாடு தருவார்கள். பிள்ளைகள் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று பாடுவார்கள். வீடியோ வாட்ஸ்அப்பில் போகும். சென்ற ஒக்டோபரில் நான் லண்டன் போனது அதை நிறுத்தச் சொல்லத்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுபோல என்று என் கணவர் சொன்னார். எனக்கும் பயம்தான்.

காரணம் எங்கள் இல்லத்துச் சிசோமோவும் அவளுடைய இரண்டு தம்பிகளும். பக்கத்து ஊரில் இருக்கும் அவர்களுடைய சின்னம்மாவுக்கு மூவரையும் வளர்க்க ஆசை. நலத்துறை அதிகாரியும் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒக்டோபரிலிருந்து அறுவடை வரை அங்கே சோளத்துக்குத் தட்டுப்பாடு. மாதம் ஒரு மூட்டை சோளம் நிச்சயம் என்றால் கூட்டிப் போகிறேன் என்றாள் சின்னம்மா. அந்த மூட்டையை நினைவு நாள் பணத்தில்தான் வாங்கவேண்டும். பிள்ளைகள் இப்படி ஒவ்வொருவராக உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டால் வரிசையும் இல்லை, பாட்டும் இல்லை. அப்போதும் தருவார்களா?

எங்கள் ஊரிலிருந்து தலைநகர் லிலொங்வே 110 கிலோமீட்டர். மினிபஸ்ஸில் மூன்று மணி நேரம். ஆள் நிரம்பாமல் புறப்படாது என்பதால் காத்திருக்க இன்னும் ஒன்றரை. அடிஸ் அபாபாவில் விமானம் மாறி ஹீத்ரோ. போய்வரச் சீட்டு 840 பவுண்டு. ஹீத்ரோவில் எலிசபெத் லைன் ரயில் ஏறி வைட்சாப்பலில் மாறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, கூட்டம் நடந்த ஃபாரஸ்ட் கேட். சுமார் பதினான்கு பவுண்டு. பிக்கடிலி லைன் மலிவுதான், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறி மாறி ஏறத் தெம்பு வேண்டும்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில், எங்களுக்கு உதவுகிறவர்களோடு கூட்டம். தேநீர் முடியட்டும், றோல்ஸ் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில், சாப்பாட்டை நிறுத்தி அந்தப் பணத்தில் சோள மூட்டை கொடுக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எங்கடை அம்மான்ரை நாளுக்கு வீடியோ வராதோ அக்கா? சொந்தக்காரருக்கு அதைத்தானே காட்டுறனாங்கள்."

நான் வாய் திறக்குமுன் டேவிட் அண்ணை எழும்பினார். விமான நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவியின் நினைவு நாளுக்கு வருடந்தோறும் பெரிய சாப்பாடு தருபவர்.

"நானும் இப்பிடி ஒரு ஹோமிலை வளந்தனான்," என்றார். "பாயாசம் வந்தால் ஆரோ செத்த நாள் எண்டு தெரியும். படத்தைப் பிடிச்சுக்கொண்டு பாடோணும். இண்டைக்கும் எனக்குப் பாயாசம் இறங்காது."

"பிறகேன் அண்ணை நீங்களும் அதையே குடுக்கிறியள்?" என்றார் அந்தப் பெண்.

"வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, பிள்ளை. நான் ஹோமிலை இருக்கேக்கை எங்கடை மாமி வந்து கேட்டவ, பெடியனை என்னட்டைத் தாங்கோ எண்டு. அவவுக்கு அரிசி குடுக்க ஆளில்லாமல் போச்சு." என் பக்கம் திரும்பினார். "மூட்டையை அனுப்புங்கோ. ஆரின்ரை நினைவெண்டும் சொல்ல வேண்டாம்."

அந்தப் பெண், "ஓம், அம்மான்ரையையும் அப்பிடியே செய்யுங்கோ," என்றார். எனக்குப் பெரிய நிம்மதி.

உதவி கேட்டு லண்டன் போவோருக்கு: குளிருக்கு நல்ல கோட் கொண்டு போங்கள், ஞாயிறு பூசையைத் தவறவிடாதீர்கள், சொல்லவேண்டியதைத் தேநீருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு பல வருடம் பயந்து திரிகிறோம். போய் இறங்கியதும் அங்கத்தைய சிம் ஒன்றும் வாங்குங்கள். சிக்கனம் பார்த்து நான் வாங்காததால், போனதிலிருந்து இல்லத்தோடு பேசியிருக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகுதான் டேவிட் அண்ணையின் போனை வாங்கி, இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேரியை அழைத்தேன். மூட்டை நிச்சயம், சின்னம்மாவிடம் போய்ச் சொல் என்றேன்.

மேரி சிரித்தாள். "அவள் வெள்ளிக்கிழமையே வந்து மூவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சோளத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். லண்டன்காரர் யோசித்து முடிக்கும்வரை பிள்ளைகள் என் வீட்டில் இருக்கட்டும் என்றாள்."