எங்கள் பட்டி குரைக்காது

ஆட்டு வாடை… எருத்தேன்பதிப் பக்கம் நான் வாத்தியாராகச் சேர்ந்த அன்று வகுப்பில் என்னை முதலில் வரவேற்றது அதுதான். பிள்ளைகளில் பாதிப் பேர் விடியலில் ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டு நேரே பள்ளிக்கூடம் வருகிறவர்கள்.

பக்கத்துப் பொள்ளாச்சிக்கு ரயில் வராத காலம். ஊர் பேசுவது கொங்குத் தமிழ், இருப்பது கொச்சி ராஜ்யத்தில். ஆகவே கோர்ட்டுக் கச்சேரி, பாடபுத்தகம், மேலதிகாரி எல்லாம் மலையாளம். அவருக்கும் மேலே ஒரு மேலதிகாரி உண்டு, அவர் இங்கிலீஷ்.

எங்கள் ஹெட்மாஸ்டரின் போதனா முறை எளிமையானது. மலையாளச் செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும், அர்த்தம் கேட்கக் கூடாது. பிள்ளைகளோ மலையாளத்தைத் தனிப் பாஷையாகவே மதிக்கவில்லை. "மூக்குல பேசுனா அது தானா வந்துருமுங்க" என்றான் ஒருவன். இங்கிலீஷ் மேல் அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. 'குட் மார்னிங்' என்றால் நல்ல காலை என்று சொல்லிக் கொடுத்தேன்.

"ஏனுங் வாத்தியாரே, எழவு உழுந்த ஊட்லயும் அப்பிடித்தான் சொல்லுவாங்களா?"

அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டேன். இன்றைக்கும் அது அந்த நோட்டில்தான் இருக்கிறது.

செய்யுளை ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் கடைசி மணியில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். சந்தையிலோ வீட்டிலோ வேற்று பாஷைக்காரரோடு குழப்பம் உண்டாக்கிய ஒரு சொல்லை ஆளுக்கொன்று பிடித்து வர வேண்டும்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை யாரும் மட்டம் போடவில்லை.

"சித்தூர்க் கல்யாணத்துல குடிக்கத் தண்ணி வேணுமான்றதுக்கு 'வெள்ளம் வேணுமோ'ன்னு கேட்டாங்களாமுங்க. எங்க மாமன், வந்தா நல்லதுதான், எங்கூரு ஏரி காஞ்சு கெடக்குதுன்னாராம்." பெருங்காயம் விற்க வந்த காபூலிக்காரர் 'பானி' என்று தண்ணீர் கேட்க, ஒரு வீட்டில் பானையை எடுத்துக் கொடுத்தார்கள். அன்று முழுவதும் காபூல் எங்கே இருக்கிறது, அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்றே பேச்சு. பூகோளப் பாடத்தில் இதே கேள்விக்கு யாரும் வாய் திறந்ததில்லை.

நிறையச் சொல் பிடித்தவள் மயிலாத்தாள். பத்து வயது. வார்த்தையை மட்டுமல்ல, சொன்னவரின் இழுப்பையும் சேர்த்துக் கொண்டு வருவாள். அவளைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போவதாக அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ஆடு பெருகிவிட்டது, பார்க்க ஆளில்லை.

அவளை அழைத்துப் போக அவர் வந்த அன்றுதான் திருச்சூரிலிருந்து இன்ஸ்பெக்டரும் வந்தார். தமிழ் அறியாதவர், நல்ல மனுஷர். வாசலில் கம்பளியோடு நின்ற மனிதரைப் பார்த்து அன்பாகக் கேட்டார்.

"நிங்ஙள்க்கு எத்ர குட்டிகளுண்டு?"

"இருவது இருக்குமுங்க. போன மழைக்கு ரெண்டு செத்துப் போச்சுங்க. ஆடி பொறந்தா இன்னும் ஏழெட்டு வருமுங்க."

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். இத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படி என்று மலையாளத்தில் விசாரித்தார். கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டியதால் அது மயிலாத்தாளின் அப்பாவுக்குப் புரிந்தது.

"காத்தால தொறந்து உட்டா அதுகளா மேஞ்சுக்குமுங்க. பட்டியப் பாக்கத்தான் ஆளில்லீங்க. இந்தப் புள்ளய இன்னிக்கே பட்டியில உடோணும்."

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்தது. ஹெட்மாஸ்டர் பிரம்பைத் தேடினார், யாருக்காக என்று அவருக்கே தெரியாமல்.

மயிலாத்தாள் எழுந்தாள். "சாரே, ஞங்ஙளுடெ பட்டி குரைக்கில்ல. அது ஆடின்றெ வீடாணு." பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஐயா, அவுங்க ஊர்ல குட்டின்னா புள்ளைங்க. உங்களுக்கு இருவது புள்ளைங்கன்னு நெனச்சுட்டாரு."

அவர் கொஞ்சம் யோசித்து, "ஒண்ணுதான்னு சொல்லிப் போடு அம்மிணி" என்றார்.

வகுப்பு சிரித்தது. கடைசியாக இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அப்புறம் நான் விஷயத்தைச் சொன்னதும் அவளையே நடுவில் நிறுத்தி, இந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்து எடுக்காதே, மேலே படிக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அப்பா முடியாது என்றார். அதையும் அவளே மலையாளத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் 'முடியாது' என்பதை 'பார்க்கலாம்' என்று மாற்றவில்லை.

"நாஞ் சொன்னத அப்பிடியேவா சொன்ன?"

"அப்பிடியேதானுங்க ஐயா."

"உனக்குக் கெடுதலா இருந்துமா?"

"ஆமாங்க ஐயா."

அவர் கம்பளியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். வரப்புத் தகராறு ஒன்றுக்காக வருஷக்கணக்கில் சித்தூர்க் கச்சேரிக்கு அலைகிறவர் அவர். "அங்க எனக்காகப் பேச வந்தவன் ஒருத்தனும் நாஞ் சொன்னதச் சொன்னதில்லீங்க வாத்தியாரே" என்றார் என்னிடம். "படிக்கட்டும். ஆட்ட நானே பாத்துக்கறேன்."

இப்போது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரை ரயில் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் உலகப் படம் மாட்டியிருக்கிறார்கள். மூன்று பாஷைக்கு மூன்று வாத்தியார்கள். மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று கேள்வி. ஆனால் பிள்ளைகள் ஸ்டேஷனில் நின்று, இறங்குகிறவர்களிடம் உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்கிறார்கள். அதை யாரும் பாடத்திட்டத்தில் சேர்க்காததால் நன்றாக நடக்கிறது.

போன மாதம் மயிலாத்தாள் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு கவுண்டரும் ஒரு மலையாளி நாயரும் அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இருவர் சொன்னதையும் அவள் நிதானமாக மாற்றி மாற்றிச் சொன்னாள், வசவு உட்பட. சண்டை தீரவில்லை. ஆனால் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பது இருவருக்கும் முதல் தடவையாகப் புரிந்தது. நான் கிளம்பும்போது இருவரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்…