அம்மா நடத்திய காலை நடை

பக்கத்து வீட்டில் முருங்கைக்கீரை வதங்கும் வாசனை வந்ததும் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

அந்த வருடம்தான் பஸ் கண்டக்டரான அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, எங்கள் பெயர்கள்கூட மறந்துவிட்டன.

“நல்லா சாப்பிடணும், தினம் நடக்கணும். மூளை மெல்ல தேறும்மா” என்றார் டாக்டர்.

அம்மா அப்பாவுக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் ஊட்டினாள். விடிந்ததும் அவர் கையைப் பிடித்துப் எங்கள் பேட்டையான பெரிய காஞ்சிபுரம் முழுக்க நடத்தினாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

“பாத்துக்கினு இருக்கட்டும், நீ நடய்யா” என்பாள்.

எட்டாவது மாதம் ஒருநாள், அப்பா முன்பு வேலை பார்த்த செவிலிமேடு பஸ் எங்களைக் கடந்தபோது அப்பா நின்றார். அந்த வழியிலுள்ள நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இன்று நான் பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்குகிறேன். எங்கே படித்தாய் என்று கேட்பவர்களிடம், கல்லூரியின் பெயருக்கு முன்னால் அம்மாவின் பெயரைத்தான் சொல்கிறேன்.