முத்துமாரி வீட்டில் ஐந்து தேயிலைகள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு விருதுநகர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். முந்தின நாள் மாலை ஆறரைக்குக் கோத்தகிரியில் ஏறியது. மேட்டுப்பாளையத்திலும் கோயம்புத்தூரிலும் வண்டி மாறி, மதுரையில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து, ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீட்டர் கடந்திருந்தேன். தோள்பையில் இரண்டு சேலைகளும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் இருந்தன. டப்பாவுக்குள் ஐந்து சின்னப் பொட்டலங்களாக ஐந்து வகை இலைத் தேயிலை. வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டேதான் வந்தேன்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் திருத்தங்கல் அச்சாபீஸ் ஒன்றில் நானும் முத்துமாரியும் பைண்டிங் பிரிவில் இருந்தோம். நாட்காட்டி சீசன் முடிந்ததும் தேயிலைப் பொட்டல அட்டைகள் ஆர்டர் வரும். பச்சை மையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் அச்சடித்த அட்டைகளை நாங்கள் மடித்து ஒட்டுவோம். முத்துமாரி சில சமயம் அட்டையை மூக்கருகே கொண்டுபோவாள். "மை வாசந்தான் அடிக்குது. நெசத் தேயிலை எப்படிடி வாசம் அடிக்கும்?" என்பாள். அந்தப் பிரிவிலேயே கூர்மையான மூக்கு அவளுக்குத்தான். பதினோரு தூக்குச்சட்டிகள் வரிசையாக இருக்கும். மூடியைத் திறக்காமலே எதில் கருவாடு, எதில் புளிச்சாதம் என்று சொல்லிவிடுவாள்.

கல்யாணமாகி நான் கோத்தகிரிக்குக் கிளம்பியபோது, "நல்ல தேயிலையா கொண்டாந்து தாறேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சொன்னதோடு சரி. விசேஷங்களுக்கு வரும்போதெல்லாம் அரைக்கிலோ டஸ்ட் டீத்தூள் பொட்டலம்தான் கொண்டுவந்தேன். பாலும் சீனியும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் டீக்கு அதுதானே எடுபடும். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையில் கிண்ணங்கள் கழுவி அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே நின்று பார்த்துப் பார்த்துத்தான் எந்த இலைக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்று பிடிபட்டது. பிடிபட்டதும் முதலில் நினைவுக்கு வந்தவள் முத்துமாரி.

ஆறே முக்காலுக்குச் சிவகாசி வண்டியில் ஏறினேன். திருத்தங்கலுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் மடியைப் பார்த்து, "முறுக்காம்மா?" என்றார்.

"தேயிலைங்கக்கா."

"அதுக்கு எதுக்கும்மா இம்புட்டு காவல்?" என்று சிரித்தார்.

ஆமத்தூர் தாண்டியதும் கரிசல் மண்ணும், சீமைக்கருவேலமும், இடையிடையே வெடிக்கடைப் பலகைகளும் வந்தன. ஆவணிக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியை அள்ளி வீசியது. கோத்தகிரிக் குளிரில் பாதி வாழ்க்கை போய்விட்டது. ஆனாலும் அந்தப் புழுதி முகத்தில் பட்டதும் பத்தொன்பது வயதில் டிபன் பையோடு இந்த ரோட்டில் நடந்த கால்கள் எனக்குத் திரும்ப வந்ததுபோல் இருந்தது.

ஏழரைக்கு முத்துமாரியின் வீடு. அவள் காலையில் வீட்டிலேயே இட்லியும் பணியாரமும் விற்கிறாள். அச்சாபீஸ் போகிற நாற்பது பேராவது வருவார்கள். வாசலில் கூட்டம் நின்றது.

"வாடி ராணி! அங்கன உக்காரு, இந்தா வந்துட்டேன்" என்று கரண்டியை ஆட்டினாள். அவள் கணவர் குருவையா அண்ணன் லோடு ஆட்டோவில் அச்சாபீஸ்களுக்குக் காகிதக் கட்டுகள் ஏற்றுபவர். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "சாப்பிட்டுட்டுத் தூங்கும்மா தங்கச்சி, சாயங்காலம் பாப்போம்" என்று போய்விட்டார்.

இட்லி பூப்போல இருந்தது. சாம்பாரில் மட்டும் லேசாக அடிப்பிடித்த வாடை. கூட்டத்தின் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்குத் தேயிலையைப் பிரித்தோம். முதல் பிரச்சினை தண்ணீர். அவர்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதில் இலையைப் போட்டால் மேலே ஆடை கட்டிவிடும், ருசி மங்கிவிடும். முத்துமாரி குடிப்பதற்கென்று வைத்திருந்த ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரை எடுத்தாள். வண்டியில் வருவது, குடம் பதினைந்து ரூபாய். பாத்திரத்தில் கொதிக்க வைத்து முன்னறைக்குக் கொண்டுவந்தாள். அடுத்த பாத்திரத் தண்ணீரை அடுப்பில் சிறு தீயில் வைத்துவிட்டு, ஆவி போக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.

"முதல்ல கிரீன் டீ. நூறு கிராம் நூற்று எண்பது ரூபாய்" என்றேன்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தலையா?"

"மூணு நிமிஷம் ஆறட்டும். சூடு அதிகமானா கசந்துரும்."

ஊற்றி, மூன்று நிமிடம் கழித்து வடிகட்டி, டம்ளரை அவளிடம் நீட்டினேன். "குடிக்காத. முதல்ல மோந்து பாரு."

முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். "நல்ல வாசம்டி. மல்லிகைப்பூ மாதிரி."

அதில் மல்லிகை இல்லை. நனைந்த புல்லின் வாடைதான் இருந்தது. சிலருக்கு அப்படித் தோன்றலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஒயிட் டீ. விரியும் முன் பறித்த வெண்கொழுந்து. ஐம்பது கிராம் அறுநூறு ரூபாய் என்பதால் ஒரு பிடிதான் வாங்கியிருந்தேன். அதையும் முகர்ந்து, "இதுவும் மல்லிகைதான்" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவதுக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனோம். அவள் முன்னே போனாள். வாசலிலேயே கேஸ் நாற்றம் என் முகத்தில் அறைந்தது. காற்றில் தீ அணைந்து, பத்து நிமிடமாக வாயு வந்துகொண்டிருந்திருக்கிறது.

"அட, அணைஞ்சிருச்சே" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே முத்துமாரி லைட்டரைக் கையில் எடுத்தாள்.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். லைட்டர் தரையில் விழுந்தது. அடுப்பையும் சிலிண்டரையும் மூடி, பின்கதவைத் திறந்து, அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடவில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். அவளுக்கு என்ன நடந்தது என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"தை மாசம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போச்சு. ஒண்ணும் தெரியலடி. சாம்பிராணி தெரியல, மீன் தெரியல, என் சேலை வாசம்கூடத் தெரியல."

"எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலையா?"

"மூக்கு செத்தவ ஆக்குனதை எவன் வாங்கித் திம்பான்? அவுகளுக்குத் தெரிஞ்சா அடுப்புப் பக்கமே விடமாட்டாக."

 பிறகு, நான் கோத்தகிரிக்குப் போன பிறகு நடந்த ஒன்றைச் சொன்னாள். ஏழு வருடம் எம். புதுப்பட்டியில் ஒரு வெடிக் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள். ஒருநாள் ஓர் அறையில் வெடிமருந்து சூடேறுகிற வாடை அவள் மூக்கில்தான் முதலில் பட்டது. கத்தி, பக்கத்து அறைகளில் இருந்தவர்களையெல்லாம் வெளியே ஓட வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறை இல்லை. ஒருவருக்கும் சிறு காயம்கூட இல்லை.

"பதினாலு பேருடி. அந்த மூக்குதான் இது" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "இன்னிக்கு என் கையாலயே உன்னைக் கொளுத்தியிருப்பேன்."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுது முடித்ததும் சொன்னேன்: "அண்ணன் வந்ததும் நீ சொல்லிரு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"ராணி, வேணாம்டி."

"காலையில நாற்பது பேரு உன் வாசல்ல நிக்கிறாக."

கையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள், துணி மடித்தாள், என்னைக் கடந்து மூன்று முறை போனாள். தேயிலை கொண்டுவருகிறேன் பேர்வழி என்று வந்து, ஒரு சிநேகிதத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தரைக்கு லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. குருவையா அண்ணன் முகம் கழுவி வந்து உட்கார்ந்தார். முத்துமாரி அவர் முன்னால் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், மூக்கு, கேஸ், லைட்டர். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தை மறுபடியும் துடைத்தார்.

"அப்ப, கருகுன வெங்காயமெல்லாம் அதனாலயா?" என்றார்.

"கருகியிருந்துச்சா? சொல்லவே இல்லையே நீங்க!"

"வயசாகுதுல்ல, கவனம் தப்புதுன்னு நினைச்சேன். சொன்னா மனசு நோவுமேன்னு தின்னுட்டுப் போயிட்டேன். வாறவங்ககிட்டயும், அவளை ஒண்ணும் சொல்லிராதீகன்னு சொல்லி வச்சிருக்கேன்."

முத்துமாரி அவரையே பார்த்தாள். எட்டு மாதம் இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்ததை நினைத்தோ என்னவோ, முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அழுதாள். "நாளைக்கே டாக்டரைப் பாக்குறோம்" என்றார் அண்ணன். "கடையை மூட வேணாம். அடுப்பை நான் பத்த வைக்கேன், நீ மாவை ஊத்து. அம்புட்டுதான்."

மீதி மூன்று தேயிலைகளை அதற்குப் பிறகுதான் போட்டோம். ஒன்று அரைப்பதமாகக் கறுக்கவிட்ட ஊலாங், ஒன்று டார்ஜிலிங், ஒன்று எங்கள் மலையின் குளிர்காலக் கறுப்புத் தேயிலை. எங்கள் ஊர்த் தேயிலை நூறு கிராம் இருநூற்று இருபது. இந்த முறை நான் முகரச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் செய்வதுபோல ஒரு வாய் தேநீரைக் காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சிக் காட்டினேன். அந்தச் சத்தத்துக்கு அண்ணன் சிரித்த சிரிப்பில் அவர் டம்ளர் சிந்திவிட்டது.

முத்துமாரி உறிஞ்சினாள். வாய்க்குள் சுழற்றினாள். மெதுவாகச் சொன்னாள்.

"இது தொண்டையில எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கிட்டு இறங்குது." அது ஊலாங்.

"இது நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கை வறட்டுது." டார்ஜிலிங்.

எங்கள் தேயிலையைக் குடித்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டாள். "உள்ளுக்குள்ள கிள்ளுதுடி. கிள்ளிட்டு விட்டுருது."

மதியம் போட்ட இரண்டையும் புதிதாகப் போட்டோம். கிரீன் டீ நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது என்றாள். ஒயிட் டீக்கு வெகுநேரம் யோசித்து, "இது ஒண்ணுமே செய்யல. சும்மா தண்ணியை மெத்துன்னு ஆக்குது" என்றாள். நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொள்ள, அண்ணன் ஐந்து டம்ளரையும் இடம் மாற்றி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஐந்தில் நான் மூன்றைச் சரியாகச் சொன்னேன். அவள் நான்கைச் சொன்னாள், ஒன்றை மட்டும் இரண்டாம் முறையும் ஊலாங் என்றுவிட்டாள். கிண்ணம் கழுவும் அறையில் மூன்று வருடம் நின்றும் தேயிலையை நாக்கால் இப்படித் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. வாசனையே பாதி வேலையைச் செய்துவிடுவதால், நாக்கை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மூவரும் விருதுநகர் போனோம். மூக்கு டாக்டர் ஓர் அம்மாள். கட்டணம் நானூறு ரூபாய். விளக்கடித்துப் பார்த்தார், காய்ச்சலில் மூக்கு நரம்பு அடிபட்டிருக்கலாம் என்றார். திரும்ப வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, நீலகிரித் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பார்க்க வேண்டும்.

"சும்மா மோந்தா போதாதும்மா. அந்த வாசம் முன்னாடி எப்படி இருந்துச்சோ, அதை மனசுல நினைச்சுக்கிட்டே மோந்து பாருங்க" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் ஒரு மின்சாதனக் கடைக்குள் நுழைந்தார். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை ஆயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்க்கு வாங்கி வந்தார். "இது உனக்கு மூக்கு, எனக்குக் காவல்" என்று அவளிடம் கொடுத்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை வண்டி. முத்துமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் கேட்டாள்:

"உங்க ஊர்ல என்ன வாசம்டி அடிக்கும்?"

  இருபத்தாறு வருடம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் குடியிருந்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ரோட்டு வளைவில் நின்று மூச்சை இழுப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எனக்குத்தான் அந்த வாசம் தெரிவது எப்போதோ நின்றுபோயிருந்தது. "போய்ப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மேட்டுப்பாளையத்தில் முதல் வண்டிக்குக் காத்திருந்து, ஞாயிறு காலை ஐந்து ஐம்பதுக்குக் கோத்தகிரியில் இறங்கினேன். மூடுபனி. திருத்தங்கலில் இந்நேரம் அவள் மாவைக் கரைத்துக்கொண்டிருப்பாள், அண்ணன் அடுப்பைப் பற்ற வைத்திருப்பார். அங்கே விடியும்போதே காற்றில் சூடும் புழுதியும், இங்கே ஈரம். வீட்டுக்கு நடக்காமல் தொழிற்சாலை வளைவில் நின்றேன். முதலில் டீசல் புகை வந்தது. பிறகு எரியும் கற்பூரமரக் கட்டை. வெகுநேரம் கழித்துத்தான், இரவு முழுக்க வாடப் போட்டிருந்த இலையின் வாசம் மெல்ல வந்து சேர்ந்தது. அவளை ஃபோனில் கூப்பிட்டேன்.

"பழுக்க ஆரம்பிச்ச கொய்யா தெரியுமா? அதை ஈரச் சாக்குல போட்டு வச்சு, காலையில சாக்கைப் பிரிச்சா எப்படி இருக்கும்? கூடவே அப்பத்தான் வெட்டுன அருகம்புல்லு..."

"பொறு, பொறு" என்றாள் முத்துமாரி. "கண்ணை மூடிக்கிறேன். முதல்ல இருந்து சொல்லு."