போனில் சொன்ன பதில்

எங்கள் தெருவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஞானஸ்நானத்தின்போது ஆயர் வைத்தது ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதிக் கொடுத்தது இன்னொன்று. கோயிலில் முதல் பெயர். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் இரண்டாவது, அதாவது இந்துப் பெயர். கிறிஸ்தவன் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்பது எங்களுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடுகிற விஷயம். உத்திரமேரூர் பக்கம் இப்படிப்பட்ட தெருக்கள் நிறைய உண்டு. யாரும் இதைத் தப்பாக நினைப்பதுமில்லை, வெளியே பேசுவதுமில்லை.

நான் கிராம உதவியாளராக வேலை பார்ப்பது இரண்டாவது பெயரில், அந்தச் சான்றிதழில் கிடைத்த வேலை. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பது முதல் பெயரில். எங்கள் ஆயருக்கு ஏழெட்டு ஊர்ச் சபைகள் இருப்பதால், அவர் வராத வாரங்களில் பிரசங்கம் தவிர எல்லாம் என் தலையில்தான். என் தம்பிக்கு இதில் ஒரே கேலி. "இன்னாண்ணா, வேதத்த சிட்டா அடங்கல் படிக்கிற மாதிரி படிக்கிற?" என்பான். அவன் சென்னையில் சென்ட்ரிங் வேலை செய்துகொண்டிருந்தான். கல்யாணம் ஆகவில்லை. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து, ஆராதனைக்கு வராமல் ஏரியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான். அம்மா திட்டுவாள், பிறகு அவன் பிடித்து வந்த மீனைக் குழம்பு வைப்பாள்.

கொரோனா இரண்டாம் அலையில் அவனை அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது. அப்போது நான் கிராம நிர்வாக அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு முழம் தள்ளி அதிகாரி உட்கார்ந்திருந்தார். பேசியது ஒரு பெண். சின்ன வயசுக் குரல், களைத்துப்போன குரல். தம்பியின் இரண்டாவது பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்றாள். உடலைக் கொடுக்க மாட்டார்கள், அங்கேயே காரியத்தை முடித்துவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

"பேரு இந்துப் பேரா இருக்கு சார். ஆனா தலகாணிக்கு அடியில பைபிள் இருந்துச்சுன்னு வார்டு சிஸ்டர் சொன்னாங்க. அதான் கேக்கறேன். நீங்க கிறிஸ்டியனா? புதைக்கச் சொல்லணுமா?"

யாருக்கு அந்த நேரத்தில் இவ்வளவு அக்கறை இருக்கும்? நூற்றுக்கணக்கான உடல்களுக்கு நடுவில் அவள் நின்று கேட்டாள். அதிகாரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவள் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது என்று இப்போது தெரியும். அன்று என் வாய் முந்திக்கொண்டது.

"இல்லம்மா. இந்துதான்."

"கன்பார்மா சார்?"

"கன்பார்ம்."

போனை வைத்துவிட்டு, தம்பி போய்விட்டான் என்று அதிகாரியிடம் சொன்னேன். வீட்டுக்குப் போங்க என்றார். நான் போகவில்லை. தெருத் தெருவாகக் கபசுரக் குடிநீர் ஊற்றிக் கொடுக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் போனேன். பெரிய வெள்ளியன்று நான் வாசிக்கும் பாடத்தில் ஆண்டவருடைய சீஷர் ஒருவர் குளிருக்கு நெருப்பில் கை காட்டிக்கொண்டு, அவரை எனக்குத் தெரியாது என்று மறுதலிப்பார். அவரிடம் மூன்று முறை கேட்டார்கள், என்னிடம் இரண்டு முறை. அவராவது உடனே வெளியே போய் அழுதார்.

அம்மாவிடம், "பேரைப் பாத்து அவங்களே எரிச்சிட்டாங்கம்மா" என்றேன். இ-பாஸ் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பலும் இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின நாள் ஏரிக்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் வேலிக்காத்தானை வெட்டி, மேடுகளுக்கு மண் அணைத்து, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மறுநாள் விடியும் முன் ஒவ்வொரு குடும்பமும் மெழுகுவத்தியோடு தன் மேட்டின் பக்கத்தில் போய் நிற்கும். இருட்டில் நடுவே நின்று நான் உயிர்த்தெழுதல் பாடத்தை வாசிப்பேன். இறந்தவர்கள் எழும்போது தங்கள் ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள்.

அம்மா அப்பாவின் மேட்டருகே நிற்பாள். பக்கத்தில் தம்பியைப் புதைத்திருக்க வேண்டிய, ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதையும் கையால் கூட்டிச் சுத்தம் செய்வாள். காலியான கல்லறைதானே நம் விசுவாசமே என்று ஆயர் ஒருமுறை ஆறுதல் சொன்னார். அம்மா அவரிடம் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "அவுரு எய்ந்து போனாரு, அதனால காலி. இது இன்னாத்துக்குக் காலியா கீது?"

விதையைப் போலத்தான் உடம்பு, ஒன்றாக விதைக்கப்பட்டு வேறொன்றாக எழும் என்று வேதத்தில் உள்ளதை எடுத்துச் சொன்னேன். அவள் நாற்பது வருஷம் நாற்று நட்டவள்.

"மண்ணுல போட்டாதானே நைனா மொளைக்கும்? வறுத்துட்ட நெல்லு மொளைக்குமா?"

கடவுளால் முடியும் என்றேன். அவளும் முடியும் என்றுதான் நம்புகிறாள். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். "நம்மள யாரும் ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்." அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். எனக்கோ, சென்னை லேண்ட்லைன் நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் கை எடுக்காது. எடுத்தால் அந்தப் பெண் மூன்றாவது முறையும் கேட்பாள் என்று ஒரு பயம். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும்.

இந்த வருஷம் சனிக்கிழமை மண் அணைக்கும்போது அம்மா மறுபடியும் அதைச் சொன்னாள். யாரும் கேக்கலயே நைனா என்றாள். நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"கேட்டாங்கம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி பக்கத்தில் இருந்ததையும், இரண்டாவது முறை கேட்டபோதும் அதையே சொன்னதையும். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் கேட்டது வேறு.

"அவங்கிட்ட பைபிள் இருந்துச்சா?"

"தலகாணிக்கு அடியில வெச்சிக்கினு இருந்தானாம்."

"வூட்ல இருந்தா தொடமாட்டானே" என்றாள். அப்புறம்தான் அழுதாள். ராத்திரி தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்கள் அவரவர் மேட்டருகே மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்கள். அம்மாவிடம் போய், வேறு யாராவது படிக்கட்டும், இந்த வாயால் இன்றைக்கு முடியாது என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் மெழுகுவத்தியை ஊன்றி, காற்றுக்குக் கையை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"போயி படி. அவன் எய்ந்து வந்தா மொதல்ல உன்னத்தான் தேடுவான்."

போய் வாசித்தேன். கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து நடுங்கினார்கள் என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. சந்தோஷச் செய்தியைக் கேட்டு ஏன் நடுங்கினார்கள் என்று பல வருஷம் ஆயரைக் கேட்டிருக்கிறேன், இனிமேல் கேட்க மாட்டேன். உன்னைத்தான் தேடுவான் என்று அம்மா கோபத்தில் சொன்னாளா, என்னை மன்னித்துச் சொன்னாளா, தெரியவில்லை. சாம்பலிலிருந்தும் அவன் எழுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுந்து, நேராக என்னிடம் வருவான்.