மழை பெய்யாத வெள்ளம்

கலிஃபோர்னியாவில் ஒரு துளி மழை விழாமல் ஆற்றில் வெள்ளம் வரும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், அப்போதுதான் ஆறு பொங்கும். மலைமேல் உறைந்துகிடந்த பனி பகலில் உருகி, மாலைக்குள் கீழே வந்து சேர்கிறது. பத்து வருடமாக இங்கே ஃப்ரீமாண்ட் நகரில் இருக்கிறேன். மலைப்பனியைக் கணக்கெடுத்து, ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று சொல்வதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அப்படியும் வானத்தைப் பார்த்து ஆற்றை எடைபோடும் கரூர்க்காரன் புத்தி போகவில்லை.

ஏப்ரல் கடைசியில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சியரா மலையாற்றுக்குப் போனோம். தேதி குறித்தது நான். பழைய கணக்குப்படி மே கடைசியில்தான் பனி மும்முரமாக உருகும். சூடு கூடக்கூட அது முந்திக்கொண்டே வருகிறது என்று அலுவலகத்தில் படம் போட்டுக் காட்டுகிறவனும் நானே. காலையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ஆற்று நடுவிலிருந்த பாறைத்திட்டில் அடுப்பு மூட்டி பிரியாணி செய்தோம். மூன்று மணிக்குத் தண்ணீர் கலங்கி வேகம் பிடித்தது. எல்லோரும் கரையேறினோம். என் கல்லூரித் தோழன் செந்தில் மட்டும் அண்டாவை எடுக்கத் திரும்பினான்.

"வேணாம் செந்தில், தண்ணி ஏறுது" என்றாள் அவன் மனைவி கீதா.

அவன் என்னைப் பார்த்தான். "வானத்துல ஒரு மேகம் இல்ல. எங்கடா ஏறப்போகுது? நீ சொல்லு, எக்ஸ்பர்ட்டு."

"ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடு" என்றேன்.

அண்டா இரண்டு மைல் கீழே கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

தேட வந்த ஷெரிஃப் அலுவலகக்காரர், வெள்ளம் வடிந்தால்தான் ஆட்களை இறக்க முடியும் என்றார். நாளைக்கா என்று கேட்டாள் கீதா. ஜூலை என்றார். "நம்ம கேட்டது இவருக்குப் புரியலையா?" என்று என்னிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பனியை வெறுக்கிறேன். எல்லாம் ஒரே நாளில் உருகித் தொலையட்டும், கலிஃபோர்னியாவே தாகத்தில் கிடக்கட்டும் என்றிருக்கிறது. மே நடுவில் எதிர்பாராமல் மறுபடி பனி கொட்டியது. அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். கோடைக்குக் குடிதண்ணீர்க் கவலை இல்லை, தப்பித்தோம் என்று மேலதிகாரி டோனட் நீட்டினார். செந்தில் விஷயம் அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. வாங்கித் தின்றேன்.

மறுநாள் கரூரிலிருந்து செந்திலின் அம்மா கூப்பிட்டார். அமராவதி ஆற்றில் தண்ணீர் வராதா என்று ஆயுசு முழுக்கக் காத்துக்கிடந்தவர்.

"அங்க ஆறு எப்பக் கண்ணு வத்தும்? நீ அந்த வேலதான பாக்கற?"

புதுப்பனியால் ஆகஸ்ட் வரை ஆறு குறையாது என்று அலுவலக அறிக்கை எழுதி, நல்ல செய்தி என்று தலைப்பிட்டு, அன்று காலைதான் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

"சீக்கிரம் வத்திருங்கம்மா" என்றேன்.