சொல்லாத பெயரும் இரண்டு பை ரத்தமும்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை குழப்பம்தான். மறதி வேறு சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கடலூர்ப் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடி போட் ஓட்டினவர். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு இரைத்தது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும் என்று சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் ஆபரேஷன் அன்று வருவதாக ஏற்பாடு. அதுவரை துணைக்கு என் கொழுந்தனார் இருந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில், ஆபரேஷன் நேரத்தில் இதயத்துக்குப் பதிலாக வேலை செய்யும் மிஷினை ஓட்டுகிறவர் வார்டுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும்.

"ஐயா, நாளைக்கு உங்க இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திடுவோம். நுரையீரலும் சும்மா இருக்கும். ரத்தத்தைக் குழாய் வழியா வெளிய எடுத்து, மிஷின்ல ஆக்சிஜன் சேத்து, திரும்ப உடம்புக்கே அனுப்புவோம். அதுதான் என் வேல."

"குழாயில காத்து புடிச்சிக்காதா தம்பி?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் கையிலிருந்த தாளை மடித்துவிட்டு இவரை நன்றாகப் பார்த்தார். "எங்க பயமே அதுதான்யா. முன்னாடியே மருந்து தண்ணி நெரப்பி, ஒரு குமிழி இல்லாம எடுத்துடுவோம்."

"டீசல் லைன்ல காத்து புடிச்சா எங்க இன்ஜினும் நின்னுடும். பம்ப்பு அடிச்சி அடிச்சி எடுக்கணும்."

"உடம்பையும் கொஞ்சம் குளிர வெப்போம்."

"ஐஸ்பொட்டியில போட்ட வஞ்சிரம்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நிறுத்துன இன்ஜின் திரும்ப எடுக்கும்ல?"

"எடுக்கணும்யா" என்றார் அவர். எடுக்கும் என்று சொல்லவில்லை.

மதியம் குப்பத்திலிருந்து ஆறு பேர் ரத்தம் கொடுக்க வேனில் வந்து இறங்கினார்கள். ரத்த வங்கி வாசலில் ஒரே பேச்சு. கொழுந்தனார்தான் முதலில் சட்டைக் கையை மடித்தார்.

"என் ரத்தத்த ஏத்துனா அண்ணனுக்கு மீனு வாட அடிக்குமா அண்ணி?"

"இப்ப மட்டும் என்ன, சந்தனமா மணக்குது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் நாலு பேர் எதிரில் பேசுகிறவள் இல்லை. அன்று என்னவோ வந்துவிட்டது.

அவர்கள் உள்ளே படுத்திருந்த நேரத்தில் மேசையில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஆயா, எந்த பேஷண்ட்டுக்கு? பேரு சொல்லுங்க."

கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஃபைலும் அட்டையும் வார்டில் இருந்தன. சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. மயில்மேல் உட்கார்ந்திருந்த சாமியைக் கையால் காட்டினேன்.

"சாமி பேரா? சரி, சரி" என்று எழுதிக்கொண்டார். அந்தச் சாமிக்குப் பெயர் ஒன்றா இரண்டா. என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்திருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பார்க்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இவரை உள்ளே கொண்டுபோனார்கள். வார்டிலிருந்தே சீட்டு எழுதி முன்பே வாங்கி வைத்திருந்த ரத்தம் கூடவே போனது. மகள் வந்த பஸ் விருத்தாசலத்தில் நின்றுவிட்டதாக போன் வந்தது. மதியத்துக்கு மேல் நர்ஸ் ஒரு சீட்டோடு வெளியே வந்தார். "ரத்தம் கசியறது நிக்கல. இன்னும் ரெண்டு பை சீக்கிரம் வாங்கிட்டு வாங்க."

கொழுந்தனார் ஓடினார். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"சீட்டுல அண்ணன் பேரு இருக்குது. நேத்து நாம குடுத்த ரத்தத்த வேற பேருல எழுதி வெச்சிருக்காங்க. எழுதிக் குடுத்தவங்களே வரணுமாம். யாரு அண்ணி குடுத்தது?"

நான் படி இறங்கினேன்.

மேசைக்காரர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "பேரு மாறி ரத்தம் ஏறுனா ஆளே போயிடுவாரு ஆயா, கோவிச்சிக்காதீங்க. எது சரியான பேரு? வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னேன். குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்தில் நின்ற கொழுந்தனார் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பிறகும் உடனே கொடுக்கவில்லை. ஆபரேஷன் அறையில் இவர் உடம்பிலிருந்து புதிதாகக் கொஞ்சம் ரத்தம் எடுத்து வரச் சொல்லி, இதோடு சேருமா என்று பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேசைக்காரர்மேல் குற்றம் இல்லை. அவர் செய்ததுதான் முறை.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் வந்தார். மிஷினிலிருந்து இறக்க மூன்று தடவை பார்த்தார்களாம். இதயம் தானாக ஓட ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மகள் அப்போதுதான் பையோடு படியேறி வந்தாள்.

மிஷின் ஓட்டுகிறவர் கடைசியாக வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரத்தம் லேட்டானதால இல்லம்மா. அதுவரைக்கும் மிஷின்ல ஆக்சிஜன் போயிட்டுதான் இருந்துச்சு. அவரு இதயம் ஏற்கெனவே ரொம்ப பலவீனம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சொல்லாததால் ரத்தம் தாமதமானது. சொன்னதால் ஆயுசு போனது. இரண்டில் எது என்று நினைத்தாலும் முடிவில் நான்தான் நிற்கிறேன். பெயர் மாறின கதையை மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. கொழுந்தனாரும் வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அந்த மிஷின் வேலை தெரிந்தவர்கள் இருந்தால், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். குழாய், காற்று, குளிரவைப்பது எல்லாம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், தப்பு இருக்கும். முக்கியமாக அந்த ஒரு மணி நேரம். ரத்தம் கசிகிற ஆளை மிஷின் அவ்வளவு நேரம் தாங்குமா? ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம்.