அந்தப் பெயருக்கு அடுத்த பெயர்

கடைசி நாட்களில் அம்மா யாரோடும் பேசவில்லை. அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூளையில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், மீஞ்சூரில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டேன். ஜன்னலுக்கு வெயில் வந்ததும் அம்மாவின் குரல் கிளம்பும். ஒரு பெயரைச் சொல்வாள், பதில் வரும் அளவுக்குப் பொறுப்பாள், அடுத்த பெயருக்குப் போவாள். கேட்ட முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் படித்த மூன்றாம் வகுப்பு.

அம்மா லைட்ஹவுஸ் குப்பத்துப் பள்ளியில் டீச்சர். அப்போது நாங்கள் இருந்த காட்டூரிலிருந்து பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். பள்ளிக்குள் நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். "இங்க எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்" என்பாள். பெயர் வாசிக்கும்போது மட்டும் பிள்ளைகள் எல்லோரும் "உள்ளேன் அம்மா" என்று சொல்வார்கள். அப்போது நானும் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன்.

கட்டிலில் கிடந்த அம்மா என் பெயர் வரை வரவேயில்லை. எனக்கு முந்தைய பெயரில் நின்றுவிடுவாள். மறுபடி மறுபடி அதே பெயர். கண்கள் அறை முழுதும் தேடும். கை போர்வையைப் பிடித்து இழுக்கும். பிறகு களைத்துத் தூங்கிவிடுவாள். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவாள்.

அந்தப் பெயருக்கு உரியவள் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஒருநாள் பள்ளிக்கு வராமல், பெரிய பிள்ளைகளோடு பழவேற்காட்டு ஏரியில் இறால் தடவப் போய்விட்டாள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். பிள்ளைகள் அப்படிப் போவதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்களுக்காக "உள்ளேன் அம்மா" சொல்லிவிடுவதும் குப்பத்தில் சகஜம். அன்று அவளுடைய சிநேகிதி சொன்னாள். அம்மா தலை நிமிராமல் பதிந்தாள். மத்தியானம் மீன் விற்றுவிட்டு வந்த அந்தப் பெண்ணின் தாய் பள்ளி வாசலில் நின்று கேட்டபோது, பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு மூலைக்கு ஒருவராகக் கலைந்திருந்தார்கள். "வந்திருக்காளே" என்றாள் அம்மா. அந்தத் தாய் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். ஏரிக்குக் கூடப் போனவர்கள் பயந்து எங்கேயோ ஒளிந்திருந்தார்கள். சாயங்காலம் முகத்துவாரத்துப் பக்கம் யாரோ இழுத்த வலையில் உடல் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்த பிறகே பேனாவை வைத்தாள். என் பெயருக்கு முன்னால் எப்போதும் ஒரு மூச்சு நிற்பாள். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

ஒருநாள் அவள் தவிப்பைப் பார்க்க முடியாமல், இறந்தவளுக்காக நானே சொல்லிவிட்டேன். "உள்ளேன் அம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுதும் கஞ்சி இறங்கவில்லை. அவளுக்காகத்தான் சொன்னேனா, அடுத்தது என் பெயர் என்பதற்காகச் சொன்னேனா? இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாரமே சிநேகிதி வந்தாள். அன்று பொய் சொன்னவள்தான். இப்போது பழவேற்காட்டில் மீன் விற்கிறாள்.

"இன்னாடி இது, டீச்சர் மவ வூட்ல மீன் வாசனையே காணோம்? பூனகூட எட்டிப் பாக்காது போல" என்றபடி கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "கிழங்கான். முள்ளு எடுத்துட்டு கொழைய பெசஞ்சு குடு."

"எதுவும் இறங்க மாட்டேங்குதுடி."

"அப்ப நீயாவது துன்னு. ஈர்க்குச்சி மாதிரி கீற. புள்ளய இடுப்புல வச்சா ரெண்டா ஒடிஞ்சுடுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கட்டிலில் அம்மா தொடங்கிவிட்டாள். தன் பெயர் வந்ததும் சிநேகிதி வகுப்பில் சொல்வதுபோலவே "உள்ளேன் அம்மா" என்றாள். பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெயர் வந்தது. சிநேகிதி என்னைப் பார்த்தாள்.

"தினமும் இங்கதான் நின்னுடுறாங்க" என்றேன்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். சிநேகிதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலருகே மண்டி போட்டாள்.

"வரலைம்மா" என்றாள். "அவ வரல. எறா தடவப் போயிருக்கா. நான்தாம்மா பொய் சொன்னேன்."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு விரல் போர்வைமேல் சின்னதாக ஏதோ கிறுக்கியது. பிறகு என் பெயரைச் சொன்னாள்.

"உள்ளேன் அம்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள், எல்லார் முகத்தையும் பார்ப்பதுபோல. உடனே அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் எந்தப் பெயரிலும் நிற்கவில்லை. குரல்தான் நாளுக்கு நாள் தேய்ந்து, ஒரு காலையில் ஜன்னலுக்கு வெயில் வந்த பிறகும் கிளம்பவில்லை. சிநேகிதி வந்த அன்று அவள் கூப்பிட்டது மகளையா, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியையா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்றிருப்பாள்.

என் மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, சிறிது நேரம் கழித்து அவளுடைய மிஸ்ஸுக்குப் போன் செய்வேன்.

"வந்துட்டாங்க மேடம்."

"நீங்க முகத்தைப் பார்த்தீங்களா மிஸ்?"

அந்தப் பக்கம் சலிப்பு கேட்கிறது. "இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்கிறாள்.

நான் லைனிலேயே நிற்கிறேன்.